இருந்த இடத்தில் இருந்த இரமண முனிவர்

தோற்றுவாய்

திருக்கோயிற் குடமுழுக்கு நன்னாளில் அன்பர் பல்லாயிரவர் ஒருங்கு கூடுவர். வேள்விச்சாலையிற் பூசிக்கப்பெற்ற கடங்கள் திருச்சுற்று வலம் வந்து விமானத்தின்மேல் ஏறும். குறித்த நல்வேளையிற் கலசத்தின்மீது புனித நீர் சொரியப்படும். பல மாதம் பாடுபட்ட திருப்பணி முழுவதும் அந்த ஒரு கணத்திற் கனியும். அக்கணத்தில் நம் கண் கலசத்தை நோக்கியிருக்கும்; கை தலைமேற் குவிந்திருக்கும்; நெஞ்சம் எங்கே இருக்கும்?

இவ்வினாவைப் பிறரை நோக்கி எழுப்புமுன் அடியேன் என்னை நோக்கி எழுப்பிக்கொள்வதே முறை. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்க் கோயிற் குடமுழுக்கில் அடியேனும் திருப்பணிக் குழுவினருள் ஒருவனாக இருந்தேன். வேளை வந்தது, நீர் சொரிந்தது, அன்பர்கள் ஆரவாரித்தனர். அடியேனோ, பந்திக்கு வாங்கிய வாழையிலை போதுமோ போதாதோ என்று மனக்கணக்கிட்டுக் கொண்டிருந்தேன். நீர்த்துளி தலையில் வீழ்ந்த பின்னரே அண்ணாந்து நோக்கினேன். கண்டது கவிழ்ந்து ஒழிந்த குடத்தையே. மடத்தில் இருந்து ஆண்டுக்கணக்காகப் பயின்ற சாத்திரங்களில் ஒன்றேனும் அன்று எனக்குத் துணை நிற்கவில்லை. இலை போதுமானதாகவே இருந்தது. காணாது விட்ட காட்சிதான் திரும்பவில்லை.

கழிந்ததை நினைந்து இரங்குதலும் வருவதை எண்ணி ஏங்குதலுமாக மனம் முன்னும் பின்னும் ஓடுகின்றது. இவ்விரண்டிற்கும் நடுவே இறைவன் நம் கையில் தந்துள்ள இந்தப் பொழுது, நாம் நுகராமலே கழிந்துவிடுகின்றது. இதற்கு மருந்து யாது? இருந்த இடத்தில், இருந்த பொழுதில், முழுமையாக இருந்து காட்டிய ஒரு பெரியாரின் வரலாற்றைச் சிந்தித்தலே நல்ல மருந்தாகும். அவர் திருவண்ணாமலையில் எழுந்தருளியிருந்த இரமண முனிவர். அவர் வாழ்வின் திருப்பம் நிகழ்ந்த வழி நம் விழுப்புரத்து மண்ணின் வழியே சென்றது என்பது நமக்கு உரிய பெருமையாகும்.

பிறப்பும் இளமையும்

பாண்டிநாட்டுத் திருச்சுழியல் தேவாரப் பாடல் பெற்ற திருத்தலம். அவ்வூரில் வழக்குரைஞராக விளங்கிய சுந்தரமையருக்கும் அவர் மனைவியார் அழகம்மையாருக்கும் இரண்டாம் திருமகனாக 1879ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30ஆம் நாள், திருவாதிரைத் திருநாளையொட்டிய இரவில், இவர் தோன்றினார். வேங்கடராமன் என்பது பிள்ளைத் திருநாமம். தந்தையார் 1892ஆம் ஆண்டில் காலஞ்சென்றார். அதன்பின் பிள்ளை தம் தமையனாருடன் மதுரையில் சிற்றப்பன் இல்லத்தில் வளர்ந்து, அங்குள்ள அமெரிக்க மிசன் உயர்நிலைப் பள்ளியிற் கல்வி பயின்றார்.

படிப்பில் அவருக்குப் பெருநாட்டம் இருந்ததில்லை. விளையாடினால் விளையாட்டிலேயே இருப்பார். உறங்கினால் உறக்கத்திலேயே இருப்பார். அவர் உறங்கும்போது தோழர்கள் தூக்கிச் சென்று அடித்து விளையாடிவிட்டு, மீண்டும் கொணர்ந்து கிடத்தினாலும் விழித்தறியார் என்பது அவர் வரலாற்றிற் கூறப்படும் செய்தி. எதில் இருந்தாலும் அதில் முழுதும் இருத்தல் அவர்க்குப் பிறவிக்குணமாக அமைந்திருந்தது போலும்.

1895ஆம் ஆண்டின் இறுதியில், உறவினராகிய முதியவர் ஒருவர், தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகப் பேச்சுவாக்கிற் கூறினார். இளமைமுதல் தம் உள்ளத்தில் ஒலித்துக்கொண்டிருந்த அப்பெயர் மண்ணுலகில் ஓர் ஊருக்கு உரியது என்பதை அன்றுதான் அவர் அறிந்தார். சின்னாளிற் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம் அவர் கையிற் கிட்டியது. சமயநூல் என்று அவர் ஆர்வத்துடன் பயின்ற முதல் நூல் அதுவே. நாயன்மார்களின் அன்பு அவர் நெஞ்சை உருக்கியது. பூசலார் நாயனார் கல்லும் மரமும் கருத்திலேயே தேடி, நாளும் பொழுதும் குறித்து, படிப்படியாக மனத்துள்ளே கோயில் எடுத்துக் குடமுழுக்கு நாளும் குறித்த வரலாற்றை இங்கு நினைத்துப் பார்த்தல் தகும். காடவர்கோன் எடுத்த கற்றளிக்குக் குறித்த அதே நாளில், இறைவன் பூசலாரின் மனக்கோயிலுக்கே முதற்கண் எழுந்தருளினான். ஏன்? பூசலார் ஒரு செங்கல்லை வைக்கும்போது அந்தச் செங்கல்லிலேயே இருந்தார். மனம் வேறெங்கும் செல்லவில்லை. மனம் வேறெங்கோ இருக்க எடுக்கும் கோயில் கல்லாலானதேயாயினும் பாதி நின்றுபோன கோயிலேயாம்.

சாவை நேர்நின்று நோக்கியது

1896ஆம் ஆண்டு சூலைத் திங்கள் நடுவில் ஒருநாள், மதுரை இல்லத்தின் மேல்மாடியில் தனித்திருந்த வேங்கடராமனைத் திடீரெனச் சாவச்சம் பற்றியது. உடம்பில் நோய் ஒன்றும் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அச்சம் வந்தால் ஓடித் தாயையோ தமையனையோ தேடுதல் இயல்பு. இவரோ ஓடவில்லை, மருத்துவரை அழைக்கவும் இல்லை. வந்த அச்சத்தை வந்த இடத்திலேயே எதிர்கொண்டார். பிணம்போல் உடலை நீட்டிப் படுத்து, வாயை இறுக மூடி, சாவது யாது, சாவாது எஞ்சுவது யாது என்று உள்ளே ஆராய்ந்தார். உடல் விறைப்பினும் உள்ளே விளங்கும் உணர்வு அழியாது நிற்றலைக் கண்கூடாக உணர்ந்தார். அன்றே அச்சம் அகன்றது.

அதன்பின் மீனாட்சியம்மை திருக்கோயிலுக்கு நாள்தோறும் சென்று, அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன் நின்று கண்ணீர் சொரிவாராயினர். பள்ளிப் பாடத்தில் எஞ்சியிருந்த சிறு நாட்டமும் அற்றது.

திண்டிவனத்திற்குப் பெற்ற சீட்டு

அவ்வாண்டு ஆகத்து 29ஆம் நாள் சனிக்கிழமை. ஆங்கில இலக்கணப் பாடமொன்றை மும்முறை எழுதிவருமாறு பள்ளியில் தண்டனை விதித்திருந்தனர். இருமுறை எழுதியாயிற்று. மூன்றாம் முறை எழுதும்போது அதன் பயனின்மை உள்ளத்திற் பளிச்சிட, ஏட்டை மூடிவைத்துக் கண்மூடி அமர்ந்தார். கண்ட தமையனார், இவ்வாறிருப்பவனுக்குப் படிப்பும் பிறவும் எதற்கு என்று கடிந்துகொண்டார். கடிந்த சொல்லிலும் உண்மை இருத்தலைக் கண்ட இளைஞர், பள்ளியில் தனி வகுப்பு உண்டு என்று கூறி எழுந்தார். தமையனார் தம் கல்லூரிச் சம்பளத்தையும் கட்டிவருமாறு பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துச் செல்லச் சொன்னார். இளையவர் வழிச்செலவுக்கு மூன்று ரூபாய் போதுமென்று கணக்கிட்டு, எஞ்சிய இரண்டு ரூபாயை ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டுப் புறப்பட்டார். தம் தந்தையைத் தேடி அவர் ஆணைப்படி செல்வதாகவும், தம்மைத் தேடிப் பொருள் செலவிட வேண்டா என்றும், கல்லூரிச் சம்பளம் கட்டப்படவில்லை என்றும் எழுதிய அக்கடிதம் தன்மையிற் தொடங்கிப் பின் தம்மை அஃறிணைச் சுட்டாற் குறித்துச் சென்றது. இறுதியிற் கையொப்பம் இல்லை; ஒரு கோடு மட்டுமே இருந்தது.

பழைய நிலப்படம் ஒன்றில், திருவண்ணாமலைக்கு அணித்தான புகைவண்டி நிலையம் திண்டிவனம் என்று அவர் கண்டிருந்தார். ஆகவே இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்துத் திண்டிவனத்திற்குச் சீட்டுப் பெற்றார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு இருப்புப்பாதை வந்துவிட்டதை அப்பழம்படம் காட்டவில்லை. வண்டியில் உடன் வந்த வெண்டாடி மௌலவி ஒருவர், திருவண்ணாமலை செல்வோர் விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறவேண்டும் என்னும் செய்தியை உரைத்தார். இளைஞர் தம் சீட்டுக்கு உரிய தொலைவைப் பொருட்படுத்தாது விழுப்புரத்திலேயே இறங்கினார்.

இங்கே நாம் சற்று நிற்றல் வேண்டும். நம்முள் பெரும்பாலோர் பழைய படத்தை வைத்துக்கொண்டே வாழ்கின்றோம். நேற்று யாரோ சொன்ன சொல், முன்னொருகால் நேர்ந்த இழப்பு, இளமையிற் போட்ட திட்டம் ஆகியன யாவும் பழம்படங்களே. கண்முன் புதிய பாதை கிடப்பினும், கொடுத்த காசு வீணாகுமே என்று திண்டிவனம் வரை செல்லுதல் நம் இயல்பு. அவ்விளைஞர் கண்முன் உள்ளதை ஏற்றார், கைச்சீட்டை மறந்தார். அப்பயணத்தில் அவர் காணாத ஊராகிய திண்டிவனம், அவர் வரலாற்றில் நிலையான இடம் பெற்றதும் இவ்வகையாலேயே.

விழுப்புரத்தில் ஒரு பகல்

ஆகத்து 30ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, விடியலுக்கு முன் மூன்று மணியளவில் அவர் விழுப்புரத்தில் இறங்கினார். கையிருப்பு இரண்டரை அணா. விடிந்தபின் நடந்தே செல்லக் கருதி, வழிகாட்டிப் பலகைகளை நோக்கியவண்ணம் ஊருக்குள் சென்றார். மாம்பழப்பட்டு என்னும் பெயர் எழுதியிருக்கக் கண்டார். அது திருவண்ணாமலை வழியில் உள்ளதென்பதை அப்போது அவர் அறியார். பசி மிகுந்தது. உணவுக்கடையொன்றில், நண்பகலில்தான் சோறு கிடைக்கும் என்றனர். அங்கேயே அமர்ந்து தம்முள் ஆழ்ந்தார். உண்டபின் இரண்டு அணாவை நீட்டினார். கடைக்காரர், கையில் எவ்வளவு உள்ளதென வினவி, இரண்டரை அணாவே உள்ளதென அறிந்து, காசு பெற மறுத்துவிட்டார். அந்தக் கடைக்காரர் கல்வெட்டு எதிலும் இடம்பெற்றவரல்லர். வாணிகக் கணக்கை ஒரு கணம் மறந்து, தம் முன் அமர்ந்திருந்த பிள்ளையின் முகத்தைக் கண்டார்; அவ்வளவே அவர் செய்தது.

கையிலிருந்த காசு மாம்பழப்பட்டு வரைக்குமே போதுமானதாயிற்று. அங்கிறங்கி ஏறத்தாழப் பத்து மைல் நடந்து, மாலைப்பொழுதில் அறையணிநல்லூரை அடைந்தார். பெண்ணையாற்றின் கரையிற் பாறைமேல் விளங்கும் இத்திருக்கோயிலில் நின்றே திருஞானசம்பந்தப் பெருமான் அண்ணாமலையைக் கண்டு தொழுதார் எனப் பெரியபுராணம் கூறும். அவ்விடத்து மண்டபத்தில் அமர்ந்திருந்த இளைஞர்க்குப் பேரொளி ஒன்று எங்கும் பரவித் தோன்றியது. அது கருவறையினின்று எழுவதோ என எழுந்து சென்று நோக்கினார், அங்கிருந்து எழுந்ததன்று. மீண்டும் அமர்ந்து தம்மை மறந்தார். பூசை முடிந்து கதவடைக்கும் வேளையில் எழுப்பப்பெற்று, உணவு கேட்டார், இல்லை என்றனர். இரவு தங்க இடம் கேட்டார். அதுவும் இல்லை என்றனர். கீழூர்க் கோயிலிற் கிடைக்கக்கூடும் என்றமையால் அவர்களுடனே அங்குச் சென்றார்.

கீழூர் என்பது திருக்கோவலூர் வீரட்டானம். அட்ட வீரட்டங்களுள் ஒன்று. அடியார் வேடங் கண்டு உயிரையே கொடுத்த மெய்ப்பொருள் நாயனாரின் ஊர். அங்கும் பூசை முடிந்தபின் சோறு கேட்டார், அங்கும் மறுத்தனர். அதனைக் கண்டிருந்த கோயில் மேளக்காரர், தம் பங்குச் சோற்றை அப்பிள்ளைக்குக் கொடுக்குமாறு செய்தார். தண்ணீர் பெறுவதற்காக அருகிலிருந்த சாத்திரியார் இல்லத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டபோது, களைப்பு மிகுதியால் இளைஞர் நினைவிழந்து வீழ்ந்தார். விழித்தபோது மக்கள் சூழ்ந்திருந்தனர். சோறு தரையிற் சிதறிக் கிடந்தது. சிதறியதைத் திரட்டி உண்டு, நீர் பருகி, அங்கேயே துயின்றார்.

கோயில் அன்பர்களே, இவ்விரு காட்சிகளையும் ஒருசேர எண்ணிப் பாருங்கள். கதவை அடைத்தவர்கள் தீயவரல்லர். நாள் முழுதும் தொண்டு செய்து அயர்ந்தவர்கள். நெஞ்சம் முன்கூட்டியே வீடு சென்றுவிட்டது. ஆதலின் கண் முன்னே நின்றவரைக் காணவில்லை. மேளக்காரரும் அவ்வாறே அயர்ந்தவர், அவர்க்கும் பசி உண்டு, ஆயினும் அவர் நெஞ்சம் நின்ற இடத்தில் நின்றது, ஆகவே கண்டார், கண்டமையால் ஈந்தார். ஈகைக்கு முதல், பொருள் அன்று, காணுதலே. நிகழும் கணத்தில் நில்லாதவன் எவ்வளவு செல்வனாயினும் அவன் கொடை பிந்தியே சென்று சேரும்.

மறுநாள் கோகுலாட்டமி. முத்துகிருட்டிண பாகவதர் என்பாரின் இல்லத்தில் அம்மையார் ஒருவர் அவர்க்கு அன்புடன் அமுதூட்டினார். இளைஞர் தம் காதணிகளை அப்பாகவதரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றார். அம்மையார் பலகாரப் பொட்டலம் ஒன்றும் கட்டிக் கொடுத்தார். அணிகளை மீட்பதற்கெனப் பாகவதர் எழுதித் தந்த சீட்டை, இனி வேண்டா என்று வழியிலேயே கிழித்தெறிந்தார். 1896 செப்டம்பர் முதல் நாள் காலை திருவண்ணாமலை அடைந்து, நேரே அண்ணாமலையார் திருமுன் சென்று தம்மை ஒப்புவித்தார். அதன்பின் 54 ஆண்டுகள் அம்மலையடியை விட்டு அவர் நீங்கினாரல்லர்.

அன்றாட வாழ்வில் நின்ற நிலை

முதலாண்டுகளில் ஆயிரங்கால் மண்டபத்திலும் பாதாளலிங்கக் குகையிலும் உடலை மறந்திருந்தார். பின்னர் 1899 முதல் 1916 வரை விரூபாட்சிக் குகையிலும், அதன்மேல் 1922 வரை கந்தாச்சிரமத்திலும் வாழ்ந்தார். தென்னார்க்காடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வருவாய்த்துறையிற் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் அன்பர், 1902ஆம் ஆண்டளவில் அலுவலாக வந்த இடத்தில் முனிவரைக் கண்டு வினாக்கள் எழுப்பினார். மௌனமாயிருந்த முனிவர் எழுதிக் காட்டிய விடைகளே பிற்காலத்தில் ‘நான் யார்’ என்னும் சிறுநூலாக வெளிவந்தன. 1907ஆம் ஆண்டில் காவியகண்ட கணபதி முனிவர் அவர்க்கு இரமண மகரிசி என்னும் பெயரை வழங்கினார்.

அவர் உணர்த்திய பயிற்சி எளியது. ஓர் எண்ணம் எழுந்தால் அதன்பின் ஓடாது, அஃது எவர்க்கு எழுந்தது என்று உள்நோக்குதல். எண்ணம் தணிந்து மனம் தன் பிறப்பிடத்திற்கு மீளும். மீண்டும் ஓடினால் மீண்டும் அவ்வாறே செய்தல். இதனை வேதாந்தம் என்பாரும் சித்தாந்தத்தோடு வைத்து நோக்குவாரும் உளர். அவ்வாராய்ச்சி இங்கு வேண்டா. ஐந்தெழுத்து ஓதும் நமக்கும் ஓடிய மனத்தை மீட்டல் வேண்டியதே அன்றோ?

இப்பயிற்சி குகைக்குள் மட்டும் செய்வதன்று என்பதை அவர் வாழ்வே காட்டிற்று. அன்னையார் 1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் இறைவனடி சேர்ந்தபின், அவர் அடக்கம்பெற்ற இடத்தே ஆச்சிரமம் தோன்றியது. அங்குப் பல்லாண்டுகள் முனிவர் விடியுமுன் எழுந்து சமையற்கூடம் சென்று காய் நறுக்கினார், அரைத்தார், கிண்டினார். தரையிற் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். அச்சுத்தாளைப் பிழைதிருத்துவார். கிழிந்த நூல்களைத் தம் கையாலேயே தைத்து ஒட்டிக் கட்டுவார். சிறு துண்டுத் தாளையும் வீணாக்கார். உணவுமணி அடித்தால் உடனே எழுவார். தமக்காகப் பிறர் காத்திருத்தலை ஒவ்வார். தமக்கெனத் தனிச்சுவை ஏதும் பந்தியில் இடலாகாதென்பது அவர் வைத்த ஒழுங்கு.

பயன் கருதாத வினை என்பது யாது என்று புலவர் ஒருவர் முனிவரை வினவினார். விடை கிட்டவில்லை. சிறிது நேரம் கழித்து அனைவரும் மலைமேல் உலாவச் சென்றபோது, முனிவர் வழியிற் கிடந்த முட்கொம்பொன்றை எடுத்து அமர்ந்தார். முட்களைக் களைந்தார், கணுக்களைச் சீவினார், கரடான இலை கொண்டு தேய்த்து வழவழப்பாக்கினார். பல மணிநேரம் இவ்வேலை நடந்தது. கொம்பு அழகிய கோலாயிற்று. திரும்பும் வழியில், தன் கோலை இழந்து கலங்கிய இடைச்சிறுவன் ஒருவன் எதிர்ப்பட்டான். முனிவர் அக்கோலை அவன் கையிற் கொடுத்துவிட்டு நடந்தார். புலவர்க்கு விடை கிட்டியது. சீவும்போது எவர்க்கென்று எண்ணவில்லை. கொடுத்தபின் திரும்பிப் பார்க்கவில்லை. சீவிய பொழுதிற் சீவுதலும் கொடுத்த பொழுதிற் கொடுத்தலுமே இருந்தன.

இல்லறத்தையும் அலுவலையும் விட்டு வந்துவிடலாமோ என்று கேட்டவர்களை அவர் பெரும்பாலும் அதற்கு இசைவிக்கவில்லை. இடத்தை மாற்றினும் மனம் உடன்வரும் என்பதை உணர்த்தி, இருந்த இடத்திலேயே இருந்து உள்நோக்குமாறு பணித்தார்.

இறுதிக் காலம்

அன்னையார் அடக்கத்தின்மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் திருக்கோயிற் குடமுழுக்கு 1949ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் முனிவர் திருமுன் நிகழ்ந்தது. அப்போதே அவர் இடக்கையிற் கொடிய கட்டி தோன்றியிருந்தது. அவ்வாண்டில் நான்குமுறை அறுவை நிகழ்ந்தும் நோய் தணியவில்லை. அன்பர்கள் கலங்கினர், முனிவர் கலங்கவில்லை. தம்மை விட்டுப் பிரிகின்றாரே என வருந்தியவர்களுக்கு, தாம் சென்று சேர வேறோரிடம் இல்லை. தாம் இங்கேயே இருப்பவர் என்னும் கருத்தையே உணர்த்தினார். கடைசி நாளிலும் அன்பர்கள் தம்மைக் காண்பதற்குத் தடைவிதிக்க இசையவில்லை. 1950 ஏப்பிரல் 14ஆம் நாள் இரவு 8 மணி 47 நிமிடத்தில், வெளியே அன்பர்கள் அருணாசலத் துதியைப் பாடிக்கொண்டிருக்க, மூச்சு அமைதியாக ஒடுங்கிற்று. பதினாறாம் வயதில் மதுரை மாடியிற் சாவை எவ்வாறு நேர்நின்று நோக்கினாரோ, எழுபதாம் வயதிலும் அவ்வாறே நோக்கினார்.

நாம் கொள்ளத்தக்கது

குடமுழுக்கு ஒருநாள் விழா. கோயிலோ நாள்தோறும் நடப்பது. மணி ஒலிக்கும்போது மணியைக் கேட்போம். விளக்கிடும்போது திரியை நோக்குவோம். நீறு இடும்போது விரலில் நீறு இருத்தலை அறிவோம். மனம் ஓடும், ஓடினால் நாணவேண்டா, அழைத்து வருவோம். கதவடைக்கும் வேளையில், வாயிலில் யாரேனும் நிற்கின்றனரா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். நிற்பவர் யாவரென நாம் அறியோம். விழுப்புரத்துக் கடைக்காரரும் கீழூர் மேளக்காரரும் அறிந்தா கொடுத்தனர்?

காட்பாடி செல்லும் வண்டி இன்றும் விழுப்புரத்திலிருந்து மாம்பழப்பட்டையும் திருக்கோவலூரையும் கடந்தே அண்ணாமலைக்குச் செல்கின்றது. அடியேன் அவ்வழியே செல்லுந்தோறும், இறங்கவேண்டிய இடத்தில் இறங்கிய அப்பதினாறு வயதுப் பிள்ளையை நினைத்துக்கொள்வேன். தவறவிட்ட குடமுழுக்கு ஒன்று உண்டு. இனி வாய்க்கும் கணங்களையேனும் தவறவிடாதிருக்கத் திருவருள் துணைசெய்க. இத்திருப்பணிக்குப் பொருளாலும் உடலாலும் தொண்டு செய்த அன்பர் யாவரும், கலசத்தில் நீர் சொரியும் அக்கணத்தில் முழுதும் அங்கிருந்து கண்டு, எல்லா நலமும் பெற்று இனிது வாழ்க.

திருச்சிற்றம்பலம்